பயாப்ஸி பாட்டிலோடு லேபுக்கு வருபவர்களுக்கு

வயதான அப்பாவையோ அம்மாவையோ வார்டில் படுக்க வைத்துவிட்டு, கையில் ஒரு சின்னப் பாட்டிலோடு லேப் கவுன்டருக்கு வந்து நிற்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமகள்களுக்கும்,



நான் பேத்தாலஜி டாக்டர். உங்கள் பெற்றோரின் முகத்தை நான் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவர்கள் குடலிலிருந்து கிள்ளியெடுத்த, எள்ளளவே இருக்கும் சதைத் துணுக்குகளைத்தான் பார்க்கிறேன். அந்தத் துணுக்குகளைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் நீங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் பேசிக்கொள்வது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும். ஆட்கள் மாறுகிறார்கள், பேச்சு மட்டும் மாறுவதில்லை.

"கேமரா விட்டுப் பாத்தாங்க, கட்டிதானாம்."

"எழுபத்தஞ்சு ஆச்சுல்ல. இனிமே கீமோ அது இதுன்னு போட்டு எதுக்கு அவரைக் குத்திக் குதறணும்?"

"இருக்கிற வரைக்கும் நிம்மதியா வச்சுப் பாத்துக்குவோம்ணே."

இது பாசத்தில் வரும் பேச்சு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பாட்டிலின் மூடியை நான் இன்னும் திறந்திருக்கவே மாட்டேன். கட்டி என்ன கட்டி என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதற்குள் வீட்டில் முடிவு எடுத்தாகிவிடுகிறது. அந்த முடிவை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லித்தான் இந்த மடல். கட்டிக்குப் பெயர் தெரியும் முன்பு, சிகிச்சை வேண்டாம் என்று தீர்மானிக்காதீர்கள். பெருங்குடலில் வரும் கட்டிகளில் ஒன்று, எழுபதைத் தாண்டியவர்களுக்கும் மருந்தாலேயே முழுதாகக் கரையக்கூடியது. அரிதாக வருவதால் யார் நினைவிலும் அது முதலில் வருவதில்லை. லிம்போமா என்பது அதன் பெயர்.

பெருங்குடல் புற்றுநோய் என்று நாம் பொதுவாகச் சொல்வது அடினோகார்சினோமாவை. குடலின் உள்சவ்வில் சளி சுரக்கும் செல்களில் பிறப்பது. எங்களிடம் வரும் பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே அதுதான். லிம்போமா வேறு வம்சம். கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள் கட்டுமீறிப் பெருகுவது அது. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவதுதான் லிம்போமா என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ஆனால் குடலின் நீளம் முழுக்க லிம்போசைட்டுகள் இருக்கின்றன. நெறிகளுக்கு வெளியே லிம்போமா அதிகமாகத் தோன்றும் இடமே இரைப்பையும் குடலும் சேர்ந்த செரிமானப் பாதைதான். அதிலும் பாதிக்கு மேல் இரைப்பையில், அடுத்தபடியாகச் சிறுகுடலில், அதற்கும் பிறகே பெருங்குடலில். பெருங்குடலுக்குள் பார்த்தால், சிறுகுடல் வந்து சேரும் வலது அடிவயிற்றுப் பகுதியான சீக்கத்தில்தான் அதிகம். லிம்போசைட் திசு அங்கே செறிவாக இருப்பதே காரணம். மொத்தப் பெருங்குடல் புற்றுநோய்களில் லிம்போமா நூற்றுக்கு ஒன்றுகூட வராது. வருகிறவர்களில் ஆண்கள் அதிகம், ஐம்பதைத் தாண்டியவர்கள் அதிகம்.

லிம்போமாவிலும் பல வகை உண்டு. பெருங்குடலில் அதிகம் காண்பது 'டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்' வகை. வேகமாக வளரும். சில மாதங்களில் ஆளை உருக்கிவிடும். ஆனால் வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ மருந்து நன்றாகப் பிடிக்கும். உடம்பில் பரவிய பிறகும் முழுக் குணத்தை நோக்கமாக வைத்துச் சிகிச்சை தொடங்கக்கூடிய புற்றுநோய்கள் கொஞ்சம்தான். இது அவற்றில் ஒன்று.

"வயசானவங்களுக்கு அதெல்லாம் நடக்குமா டாக்டர்?" என்று கேட்பீர்கள். வயதானவர்களை மட்டுமே வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து மருத்துவமனைகளில் இந்த வகை லிம்போமா வந்த, 60 முதல் 80 வயது வரையிலான 399 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு 'சாப்' என்ற பழைய கூட்டு மருந்து மட்டும். மீதிப் பேருக்கு அதோடு ரிடுக்ஸிமாப் என்ற புதிய ஊசி. 2002இல் முடிவு வெளியானது. நோய் முழுதாக மறைந்தவர்கள் பழைய மருந்தில் 63 சதவீதம், புதியதில் 76 சதவீதம். இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 57க்கு 70. பத்தாண்டு கழித்தும் கணக்கெடுத்தார்கள். பழைய மருந்தில் 27.6 சதவீதம் பேரும், ரிடுக்ஸிமாப் சேர்த்ததில் 43.5 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். சிகிச்சை தொடங்கியபோது அறுபதும் எழுபதும் ஆகியிருந்தவர்கள் அவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

எண்பதைத் தாண்டியவர்களையும் விட்டுவிடவில்லை. கீமோவின் அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, ரிடுக்ஸிமாபை முழு அளவில் கொடுத்து 149 பேரிடம் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டில் 59 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். இவையெல்லாம் குடலுக்கு மட்டுமான கணக்கில்லை. அந்த வகை லிம்போமா உடம்பில் எங்கே இருந்தாலும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஆய்வில் சேரும் அளவுக்குத் தெம்பு இருந்தவர்களின் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படியிருந்தும், எழுபத்தைந்து என்ற எண்ணை மட்டும் வைத்துக் கதவைச் சாத்த முடியாது என்று சொல்ல இவை போதும்.

இனி, பெயரைக் கண்டுபிடிப்பதில் என்னென்ன தடங்கல் வருகிறது என்று சொல்கிறேன். உங்களால் உதவ முடிகிற இடமே அதுதான்.

முதல் தடங்கல், நோயின் சுபாவம். சாதாரணப் பெருங்குடல் புற்று கெட்டிப்பட்டுக் குடலை இறுக்கி அடைக்கும். லிம்போமா மெத்தென்று வளரும். பெரிதாக வளர்ந்த பிறகும் பல பேருக்கு அடைப்பே வராது. வயிற்றுவலி விட்டுவிட்டு வரும். எடை குறையும். பசி போகும். மலம் கழிப்பது முன்போல இருக்காது. சிலருக்கு ரத்தம் கசியும், சிலருக்கு வலது அடிவயிற்றில் கைக்கு ஒரு கட்டி தட்டுப்படும். இதில் எதைச் சொன்னாலும் வீட்டில் "வயசானா அப்படித்தான்" என்று ஒரு பதில் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய ஆணுக்கு ரத்தச்சோகை என்றால் டானிக் வாங்கிக் கொடுத்து முடித்துவிடுகிறோம். ரத்தம் எங்கே போகிறது என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால், பல பேருக்கு நோய் சில மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

இரண்டாவது, பயாப்ஸி எடுக்கும் ஆழம். லிம்போமா உள்சவ்வுக்கு அடியில், குடல் சுவருக்குள் பரவும். சுண்ணாம்புப் பூச்சுக்குப் பின்னால் சுவரில் ஊறும் ஈரம் மாதிரி. மேலே கிள்ளினால் பூச்சுதான் வரும். "புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை, அழற்சி மட்டுமே" என்று நான் எழுதினால், அது எனக்கு வந்த துணுக்கைப் பற்றிய உண்மை. உங்கள் அப்பாவைப் பற்றிய முழு உண்மை அல்ல. கேமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பியில் பெரிய கட்டி தெரிகிறது, ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருக்கிறது, பயாப்ஸி மட்டும் ஒன்றுமில்லை என்கிறது என்றால், மூன்றும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அப்போது மறுபடி, ஆழமாக, பல இடத்தில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். "நல்லவேளை, கேன்சர் இல்லையாம்" என்று கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போனவர்கள், இரண்டு மாதத்தில் குடல் ஓட்டை விழுந்து எமர்ஜென்சியில் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, காசநோய். நம் நாட்டில் குடல் காசநோய் அதிகம் பிடிக்கும் இடமும் அதே சீக்கம்தான். காய்ச்சல், எடைக்குறைவு, வலது அடிவயிற்றில் வலி, தடித்த குடல் சுவர், பக்கத்தில் வீங்கிய நெறி என்று எல்லாமே இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும். அதனால் ஆதாரம் கிடைக்காதபோது காசநோய் மாத்திரையைத் தொடங்கிப் பார்ப்பது இங்கே வழக்கம். அதில் நியாயம் உண்டு, காசநோய் நம்மிடையே அவ்வளவு இருக்கிறது. ஆனால் மாத்திரையைத் தொடங்கியதோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது. காசநோயாக இருந்தால் ஓரிரு மாதத்தில் ஆள் தேற வேண்டும். பசி எடுக்க வேண்டும், எடை ஏற வேண்டும், மறுபடி ஸ்கோப்பி செய்தால் புண் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை என்றால் "மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும்" என்று ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். வேகமாக வளரும் லிம்போமாவுக்கு ஆறு மாதம் என்பது மிக நீண்ட காலம்.

நான்காவது தடங்கலைப் பற்றி எழுதும்போது எனக்கு ஆதங்கம் தாங்கவில்லை. ஸ்டீராய்டு. அப்பா சோர்ந்து கிடக்கிறார், சாப்பிடவில்லை என்று பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறீர்கள். ஒரு ஊசி போடுகிறார்கள், சில நாளுக்கு மாத்திரையும் தருகிறார்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன். மறுநாளே அப்பா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் லிம்போசைட்டுகளைக் கொல்லும் மருந்து ஸ்டீராய்டு. லிம்போமா சிகிச்சையிலேயே அது ஒரு பாகம். சில நாள் போனாலே கட்டியின் செல்கள் செத்துச் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு எடுக்கும் பயாப்ஸியில் எனக்குக் கிடைப்பது செத்த திசுவும் அழற்சியும்தான். கட்டி அழிந்துவிடவில்லை, பதுங்கியிருக்கிறது. சில வாரத்தில் மறுபடி கிளம்பும். இடைப்பட்ட நாளில் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். குடலில் கட்டி என்று சந்தேகம் வந்துவிட்டால், பயாப்ஸி முடியும்வரை ஸ்டீராய்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். லேப் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் நான் ஸ்லைடைப் பார்க்கும் விதமே மாறும்.

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல சீட்டுகளில் "சீக்கத்தில் வளர்ச்சி" என்பதற்கு மேல் எதுவும் இருப்பதில்லை. வார்டில் கூட்டம், டாக்டருக்கு நேரமில்லை, புரிகிறது. ஆனால் உங்களுக்கு எல்லாம் தெரியும். முன்பு காசநோய் வந்ததா, மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறாரா, சிறுநீரகம் மாற்றியவரா, எச்.ஐ.வி. இருக்கிறதா, பெருங்குடல் அழற்சிக்கு நீண்ட நாள் மருந்து எடுத்தவரா என்பதெல்லாம். எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் எதுவும் லிம்போமாவுக்கு வழிவிடும். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கவுன்டரில் கொடுத்தாலும் போதும், அது என் மேஜைக்கு வந்துவிடும்.

பாட்டில் உள்ளே வந்தபின் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், காத்திருப்பது கொஞ்சம் சுலபமாகும். ஃபார்மலினில் ஊறிய துணுக்கு மெழுகில் பதிந்து ஒரு சின்னக் கட்டியாக மாறும். பிளாக் என்று சொல்வது அதைத்தான். அதை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்பும் சாயமேற்றினால் ஸ்லைடு தயார். அதில் பெரிய பெரிய செல்கள் சுரப்பி வடிவம் எதுவுமில்லாமல் சாரிசாரியாக நிற்கும்போது, கார்சினோமாவா லிம்போமாவா என்று கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அங்கேதான் ரிப்போர்ட்டில் "ஐ.எச்.சி. தேவை" என்ற வரி வருகிறது. மார்க்கர் டெஸ்ட் என்று வார்டில் சொல்வார்கள். இந்த வரியைப் பார்த்ததும் பல குடும்பங்களுக்குக் கோபம் வருகிறது. "அதான் கேன்சர்னு சொல்லிட்டீங்களே, இன்னும் எதுக்குப் பணம், இன்னும் எதுக்கு நாள்?"

அந்த நாட்களில்தான் பெயர் கிடைக்கிறது. சைட்டோகெராட்டின் என்ற மார்க்கர் பழுப்பு நிறம் காட்டினால் கார்சினோமா. எல்.சி.ஏ. காட்டினால் அநேகமாக லிம்போமா. பிறகு சி.டி.20 பழுப்பானால் பி செல் வகை, ரிடுக்ஸிமாப் பிடித்துக்கொள்ளும் இடமே அந்த சி.டி.20தான். சி.டி.3 என்றால் டி செல் வகை, அதற்கு ரிடுக்ஸிமாப் பயன்படாது. சைக்ளின் டி1 காட்டினால் மேன்டில் செல் வகை. குடலில் அது பல சின்னச் சின்னப் பாலிப்புகளாகத் தோன்றும், சிகிச்சையும் வேறு. மார்ஜினல் சோன் என்று மெதுவாக வளரும் ஒரு வகை உண்டு. தொந்தரவில்லாத வயதானவருக்கு அதில் உடனே மருந்து தேவைப்படாமலும் போகலாம், கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே இடத்தில், ஸ்கோப்பியில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிந்த கட்டிகளுக்கு இத்தனை பாதை. எந்தப் பாதை என்று அந்தப் பழுப்பு நிறம்தான் சொல்கிறது.

சந்தேகம் இருந்தால் ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கிக்கொண்டு போய் வேறொரு இடத்தில் காட்டுங்கள். அது உங்கள் உரிமை, எந்தப் பேத்தாலஜி டாக்டரும் அதில் வருத்தப்படக் கூடாது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் லிம்போமாவை நிறையப் பார்த்த கண்கள் இருக்கின்றன. அரிய நோய்க்கு நிறையப் பார்த்த கண் வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு பெயர் தெரியவருவதும் அடிக்கடி நடக்கிறது. குடல் அடைத்துக்கொண்டதாலோ ஓட்டை விழுந்ததாலோ, ஒரு குடல் இன்னொன்றுக்குள் சொருகிக்கொண்டதாலோ அவசரமாகத் திறந்து, வலது பக்கப் பெருங்குடலை எடுத்துவிடுவார்கள். பத்து நாளில் என் ரிப்போர்ட் வரும், லிம்போமா என்று. வீட்டில் எல்லோரும் அதிர்ந்துபோவீர்கள். "அதான் மொத்தமா எடுத்தாச்சே, இன்னும் கீமோ எதுக்கு?" நியாயமான கேள்வி. கண்ணுக்குத் தெரிந்த கட்டியைத்தான் எடுத்திருக்கிறார்கள். லிம்போசைட் என்பது உடம்பு முழுக்க ஓடும் செல். வேகமான வகையில் கத்தி மட்டும் போதாது. நோய் ஓரிடத்தோடு நிற்பவர்களுக்கு ஆபரேஷனும் மருந்தும் சேர்ந்து நல்ல பலன் தந்ததாகக் கொரிய மருத்துவர்கள் 345 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2011இல் எழுதினார்கள். அதிலும் மருந்து உண்டு என்பதைக் கவனியுங்கள். ஆபரேஷனோடு நிறுத்திக்கொண்டு ஊருக்குப் போவதுதான் ஆபத்து.

கீமோ என்ற சொல்லைக் கேட்டதும் சினிமாவில் பார்த்ததெல்லாம் நினைவுக்கு வரும். நடப்பது இது. வழக்கமாக 21 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை. தொடங்கும் முன் இதயத்துக்கு எக்கோ, ஏனென்றால் சாப் கூட்டு மருந்தில் ஒன்றான டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். எப்போதோ வந்து ஈரலில் அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸை ரிடுக்ஸிமாப் எழுப்பிவிடும், அதனால் உயிர் போனவர்கள் உண்டு. மேலோட்டமான ஒரு டெஸ்ட் மட்டுமல்ல, கோர் ஆன்டிபாடி டெஸ்டும் செய்தார்களா என்று கேளுங்கள். நோய் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கப் பெட் ஸ்கேன். வயதானவர்களுக்கு முதல் கீமோவுக்கு முன் சில நாள் ஸ்டீராய்டு கொடுத்துத் தெம்பேற்றுவார்கள். இப்போது அது சரி, பெயர் தெரிந்துவிட்டதே.

டாக்ஸோரூபிசின் ரத்தச் சிவப்பாக இருக்கும். அடுத்த ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும், பயப்படாதீர்கள். முடி கொட்டும், திரும்ப முளைக்கும். அதே கூட்டிலுள்ள வின்கிரிஸ்டின் நரம்பைத் தொடும். விரல் நுனி மரத்துப்போகும், மலச்சிக்கல் வரும், அதை முதல் நாளிலிருந்தே கவனிக்க வேண்டும். அந்த வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் மருந்துக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். டன் கணக்கில் இலையை உலர்த்தினால் கிராம் கணக்கில்தான் மருந்து தேறும். உங்கள் அப்பா ஒருவேளை அந்த வயலைத் தாண்டித்தான் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். இதை அவரிடம் சொல்லுங்கள், விவசாயியாக இருந்தால் நிச்சயம் ரசிப்பார்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. கீமோ போட்ட பிறகு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரி. வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வெள்ளையணு குறைந்திருக்கும் நேரத்தில் ஒரு ராத்திரியில் ஆள் கைமீறிப் போவார். இன்னொன்று, திடீரென்று வரும் கடும் வயிற்றுவலி. குடல் சுவரையே தின்று வளர்ந்த கட்டி மருந்துக்குக் கரையும்போது, அந்த இடத்தில் ஓட்டை விழலாம். முதல் ஒன்றிரண்டு சுற்றுகளில் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். ரிடுக்ஸிமாப் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது நம்மில் பெரும்பாலானோருக்கு எட்டாத விலை. 2007இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதற்கு இணையான மருந்தைக் கொண்டுவந்தது. பிறகு இன்னும் பல நிறுவனங்கள் வந்தன, விலை இறங்கியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடக்கம். கடன் வாங்கும் முன் அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுத் திட்ட கவுன்டரில் போய்க் கேளுங்கள்.

எழுபத்தைந்து என்பது ஆதார் கார்டில் இருக்கும் எண். முதியோர் மருத்துவம் தெரிந்த டாக்டர் வேறு கேள்விகள் கேட்பார். தானாகக் குளிக்கிறாரா, மாடிப்படி ஏறுகிறாரா, மாத்திரையைத் தானே எடுத்துப் போடுகிறாரா, போன மாதம் வரை கடைக்குப் போய் வந்தாரா? நோய் வந்த பிறகு படுத்தவரையும், நோய்க்கு முன்பே படுக்கையில் இருந்தவரையும் ஒன்றாக வைக்கக் கூடாது. முதலாமவரைப் படுக்க வைத்தது லிம்போமா. அது கரைந்தால் அவர் எழுந்திருப்பார். நான் பெஞ்சில் கேட்கும் பேச்சில் இந்த வித்தியாசம் வருவதே இல்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள். "அவருக்குத் தெரியக் கூடாது டாக்டர், தாங்க மாட்டார்" என்று காதோடு சொல்கிறீர்கள். அவர் குடும்பத்தைக் கட்டிக் காத்தவர், கடனை அடைத்தவர், தன் பெற்றோருக்குக் கொள்ளி வைத்தவர். முடி கொட்டுவதும் சிவப்பு மருந்து ஏறுவதும் அவருக்குத் தெரியாமலா போகும்? தெரியாத மாதிரி அவரும் நடிக்கிறார், நீங்களும் நடிக்கிறீர்கள், கேட்க வேண்டியதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பெயரைச் சொல்லி, இது மருந்துக்குக் கேட்கும் வகை என்றும் சொன்னால், ஊசிக்குக் கையை அவரே நீட்டுவார். வேண்டாம் என்று சொன்னால் அதையும் அவர் வாயால் சொல்லட்டும். உடம்பு அவருடையது.

வேண்டாம் என்பதும் சரியான பதிலாக இருக்கக்கூடும். குடலில் வரும் டி செல் வகைகள் பல கடுமையானவை, மருந்துக்குச் சரியாக மசிவதில்லை. இதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே தளர்ந்தவருக்குப் பாதி அளவு கீமோவும் பாரமாகலாம். அப்போது ஸ்டீராய்டு மட்டும், வலிக்கு மார்ஃபின், வாந்திக்கு மருந்து, வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி நிவாரணக் குழு என்று தீர்மானித்தால் அதுவும் முழுமையான வைத்தியம்தான், கைவிடுவது அல்ல. அப்படி முடிவு செய்த குடும்பங்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை. அவர்கள் பெயர் தெரிந்தபின் முடிவு செய்தவர்கள்.

ரிப்போர்ட்டை வாங்கும்போது கடைசியாக, கொஞ்சம் தயங்கி, நீங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்களுக்கும் வருமா டாக்டர்?" லிம்போமா என்றால், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் நோயல்ல. குடும்பத்தில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு மிகச் சிறிதளவு கூடும், ஆனால் அதற்காக நீங்கள் ஸ்கேனோ ஸ்கோப்பியோ செய்துகொள்ள வேண்டியதில்லை. அதே இடத்தில் இருந்தது அடினோகார்சினோமா என்றால் பதில் வேறு. அப்போது நீங்களும் உங்கள் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளும் 40 வயதிலிருந்தே கொலனோஸ்கோப்பி செய்துகொள்வது பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். ஆகவே ரிப்போர்ட்டின் நகல் ஒன்று ஆஸ்பத்திரி ஃபைலில் இருக்கட்டும், இன்னொன்று உங்கள் வீட்டில், ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு பேத்தாலஜி டாக்டர்